குஞ்சுகளின் அலகுக்கு வேலை வேண்டும்

கோழி வளர்ப்பு நம் குடியானவர்களுக்குப் புதிய தொழிலன்று. கொல்லையில் நாலு பெட்டையும் ஒரு சேவலும் இல்லாத வீடு கிராமத்தில் அபூர்வமாகவே இருந்து வந்தது. புதிதாக வந்திருப்பது தாய்க்கோழி இல்லாமல் குஞ்சுகளை வளர்க்கும் முறையே. பொரிப்பகத்திலிருந்து ஒரு நாள் வயதுள்ள குஞ்சுகளை ஐம்பதாகவோ நூறாகவோ பெட்டியில் வாங்கிவந்து, புரூடர் என்று வழங்கும் வெப்பக் கூட்டில் விட்டு, நாலைந்து வாரம் வரையில் மின்விளக்கின் சூட்டில் காப்பாற்றுகிறார்கள். முதல் வாரம் யாவும் நலமாகவே நடக்கும். இரண்டாம் வாரத்தின் முடிவில் ஒரு குஞ்சுக்கு வால் முளைக்குமிடத்தில் இரத்தம் கசியும். மறுநாள் நாலு குஞ்சுகளுக்கு அவ்வாறே. அதற்கு மறுநாள் இரண்டு இறந்து கிடக்கும். வளர்ப்பவர் மருந்துக் கடைக்கு ஓடுவார். அல்லது சூடேற்றிய கத்தியால் அலகு வெட்டுபவரை அழைத்து வருவார்.

இவ்விரண்டும் தவறான வழி என்பது எமது அபிப்பிராயம். நூறு, இருநூறு குஞ்சுகள் வளர்க்கும் விவசாயிக்கு அலகு வெட்டுதல் அவசியமில்லை. தோப்பிலும் களத்திலும் மேயப்போகும் கோழிக்கு அது கெடுதலுங்கூட. குஞ்சு தன் இனத்தைக் கொத்துவது பெரும்பாலும் வியாதியினால் அன்று. கொத்துவதற்கு அதன் முன்னே வேறொன்றும் இல்லாமையினாலேயே ஆகும்.

வெப்பக் கூடே வேண்டாமென்று யாம் சொல்ல வரவில்லை. நாட்டுப் பெட்டை ஓர் ஈட்டுக்குப் பன்னிரண்டு முதல் பதினைந்து முட்டையிட்டு, 21 நாள் அடைகாத்து, பின்னர் இரண்டு மாதத்துக்கு மேல் குஞ்சுகளோடு திரிகிறது. அக்காலம் முழுவதும் முட்டை இல்லை. குஞ்சுகளைப் பிரித்துத் தனியே வளர்த்தால் பெட்டை விரைவில் மீண்டும் முட்டைக்கு வரும். பருந்துக்கும் காகத்துக்கும் கீரிக்கும் இரையாகும் குஞ்சுகளும் தப்பும். ஆகையால் வெப்பக் கூடு லாபகரமான ஏற்பாடே. ஆனால் தாயை நீக்கியவர், தாய் செய்துவந்த காரியங்கள் யாவை என்று எண்ணிப் பார்க்க வேண்டாமா? சூடு கொடுப்பது ஒன்றுதான் நம் கண்ணுக்குப் படுகிறது. ஒரு பல்பைத் தொங்கவிட்டதும் தாயின் கடமை முடிந்ததாக நினைத்துவிடுகிறோம்.

தாய்க்கோழி குப்பையைக் கிளறுகிறது. ஒரு புழுவைக் கண்டதும் தனிக் குரலில் கூப்பிட்டு, அலகால் எடுத்துக் கீழே போட்டு, மீண்டும் எடுத்துப் போட்டுக் காட்டுகிறது. குஞ்சுகள் ஓடிவந்து எது ஆகாரம், எது ஆகாரமன்று என்று கற்கின்றன. சிறிது நேரம் மேய்ந்ததும் தாய் குந்திச் சிறகை விரிக்க, குஞ்சுகள் உள்ளே புகுந்து இருட்டில் உறங்குகின்றன. மறுபடி மேய்ச்சல், மறுபடி உறக்கம். இப்படிப் பகல் முழுவதும் வேலையும் ஓய்வும் மாறி மாறி வருகின்றன. வெப்பக் கூட்டிலோ இரவும் பகலும் ஒரே வெளிச்சம். தட்டு நிறையத் தீவனம். கால் மணி நேரத்தில் வயிறு நிறைந்துவிடும். மீதி நேரத்துக்கு அலகையும் கால் நகத்தையும் வைத்துக்கொண்டு அவை என்ன செய்யும்?

வயிறு நிறைந்தால் கொத்துதல் நின்றுவிடும் என்று நினைப்பதும் சரியன்று. இங்கிலாந்திலுள்ள விப்ஸ்நேட் விலங்குக் காட்சிச் சாலையில் சுதந்தரமாகத் திரிந்த செங்காட்டுக் கோழிகளைக் கவனித்து 1989ஆம் ஆண்டு ஓர் ஆராய்ச்சி வெளியிடப்பட்டது. நாள்தோறும் ஆகாரம் போடப்பட்டும், அக்கோழிகள் சுறுசுறுப்பாயிருந்த நேரத்தில் பாதிக்கு மேற்பட்ட வேளைகளில் தரையைக் கொத்திக்கொண்டிருந்தன. நம் வீட்டுக் கோழிகள் முக்கியமாய் அந்தச் செங்காட்டுக் கோழியின் வழிவந்தவை. (கோழியின் மஞ்சள் நிறக் காலும் தோலும் மட்டும் நம் தென்னிந்திய மலைகளிலுள்ள சாம்பல் நிறக் காட்டுக் கோழியிடமிருந்து கலந்த குணம் என்று 2008ஆம் ஆண்டு கண்டறிந்தார்கள், மஞ்சட்கால் கோழியை விரும்பி வாங்குவோர் இதைத் தெரிந்துகொள்வதில் தவறில்லை.) ஹாலந்தில் 1986ஆம் ஆண்டு வெளியான மற்றோர் ஆராய்ச்சி, இறகைக் கொத்தும் பழக்கம் தரையைக் கொத்த வேண்டிய இயல்பு வழிமாறியதே என்று எடுத்துக் காட்டிற்று. தரையில் கொத்தத் தக்கதொன்று இருந்தால் அலகு தரைக்குப் போகும். இல்லையேல் பக்கத்துக் குஞ்சின் முதுகுக்குப் போகும்.

இதைச் சொல்லும்போது ஓர் எச்சரிக்கையும் வேண்டும். சூடும் இடமும் ஆகாரமும் சரியாக இல்லாத கூட்டில் எத்தனை விளையாட்டுச் சாமான் போட்டாலும் பயனில்லை. ஆதலின் முதலில் அவற்றைப் பற்றி இரண்டொரு வார்த்தை.

புத்தகங்கள் முதல் வாரத்தில் 95 டிகிரி பாரன்ஹீட், அதாவது 35 டிகிரி செல்சியஸ் சூடு குஞ்சின் முதுகு மட்டத்தில் இருக்க வேண்டுமென்றும், பிறகு வாரந்தோறும் 5 டிகிரி பாரன்ஹீட் குறைத்துவர வேண்டுமென்றும் கூறும். கணக்கு சரியானதே. ஆனால் சித்திரை, வைகாசியில் வேலூரிலும் திருச்சியிலும் நடுப்பகலில் வெளியிலேயே அதற்கு மேற்பட்ட உஷ்ணம் இருக்கும்போது, புத்தகத்தில் சொல்லியிருக்கிறதென்று பல்பை எரியவிடுவது குஞ்சுகளை வேகவைப்பதாகும். மார்கழி இரவில் அதே பல்பு போதாமலும் போகும். வெப்பமானியை விடக் குஞ்சுகளே நல்ல சாட்சி. பல்பின் கீழ் ஒன்றன்மேல் ஒன்றாக நெருங்கிக் கீச்சுக் கீச்சென்று கத்தினால் குளிர். விலகி ஓரத்தில் சிறகைப் பரப்பி வாயைத் திறந்து மூச்சிரைத்தால் சூடு அதிகம். எல்லாம் ஒரே பக்கம் ஒதுங்கினால் மறுபக்கத்திலிருந்து காற்று வீசுகிறது. எங்கும் பரவி, சில தின்றும் சில உறங்கியும் இருந்தால் சரியான சூடு. வீட்டிலுள்ள பெரியவர் ஒருவர் இரவு படுக்குமுன்னும் பின்னிரவிலும் இதைப் பார்த்துவரின் பாதிச் சாவு குறையும்.

பல்பைப் பற்றிப் புதிதாய் ஒரு சங்கடம் உண்டு. பழைய குண்டு பல்பு தின்னும் மின்சாரத்தில் பெரும்பகுதி சூடாகவே வெளிவரும். கோடையில் குஞ்சுக்கு ஒரு வாட், குளிர்காலத்தில் இரண்டு வாட் என்ற கணக்கு அதற்கே பொருந்தும். இக்காலத்து எல்.இ.டி. பல்பு வெளிச்சம் தருமேயன்றிக் குஞ்சைக் காக்கும் சூடு தாராது. இது தெரியாமல் கடைக்காரர் கொடுத்ததை மாட்டிவிட்டு, விடியலில் குஞ்சுகள் விறைத்துக் கிடக்கக் காண்போர் உண்டு. நூறு குஞ்சுகளுக்குப் பெரிய பல்பு ஒன்றை விட, சிறியவை இரண்டு மூன்று இருப்பது நலம். ஒன்று போனாலும் மற்றவை காக்கும். மின்சாரம் தடைப்படும் ஊர்களில் கரியடுப்பு வைக்கிறவர்கள், காற்று வெளியேற வழி வைக்காவிட்டால் குஞ்சுகளோடு காவலிருக்கும் ஆளுக்கும் உயிராபத்து என்பதை மறக்கலாகாது.

கூடு வட்டமாக இருக்க வேண்டும். மூலையுள்ள பெட்டியில் குஞ்சுகள் மூலைக்கு ஒதுங்கி ஒன்றையொன்று மிதித்து மூச்சுமுட்டிச் சாகும். ஒன்றரை அடி உயரத் தகடோ மூங்கிற் பாயோ வளைத்து, நூறு குஞ்சுகளுக்கு ஐந்தடி விட்டத்தில் தொடங்கி, மூன்று நாளுக்கொரு முறை அகலப்படுத்திக்கொண்டே போய், நாலாம் வாரத்தில் குஞ்சுக்கு அரைச் சதுர அடியாவது கிடைக்கச் செய்யவேண்டும். கீழே இரண்டங்குல உயரத்துக்கு நெல் உமி அல்லது கடலைத்தோல். மரத்தூள் மெல்லியதாயின் குஞ்சுகள் அதை ஆகாரமென்று தின்றுவிடும். முதல் இரண்டு மூன்று நாள் உமியின்மேல் காகிதம் விரித்து நொறுக்கிய மக்காச்சோளத்தைத் தூவுவது வழக்கம். காகிதம் வழவழப்பானதாக இருந்தால் கால் இரு பக்கமும் வழுக்கி விரிந்து ஊனமாகும், ஆதலால் சொரசொரப்பான தாளே ஏற்றது. தண்ணீர்த் தட்டில் கூழாங்கல் இட்டுவைத்தால் குஞ்சு மூழ்காது. பொரிப்பகத்திலிருந்து வந்ததும் வெல்லம் கரைத்த நீரில் ஒவ்வொன்றின் அலகையும் ஒரு முறை நனைத்துவிட்டு, தீவனத் தட்டை விரல் நுனியால் தட்டிக் காட்டினால், தாய் கொத்திக் காட்டுவதாக எண்ணி ஓடிவரும். குழந்தைகளுக்கு இவ்வேலையைக் கொடுக்கலாம், அவர்களும் மகிழ்வார்கள்.

இனி, அலகுக்கு வேலை தரும் வகை. இதற்குக் காசு கொடுத்து வாங்க வேண்டியது அநேகமாக ஒன்றுமில்லை.

குஞ்சுகளுக்கு இருபது சதவிகிதம் புரதமுள்ள தீவனம் தட்டில் எப்போதும் இருக்கட்டும். அதோடு இரண்டாம் வாரம் முதல், காலையிலும் பிற்பகலிலும் ஒரு பிடி தினையையோ கம்பையோ நொய்யையோ உமியின்மேல் வாரி இறையுங்கள். இது வயிற்றுக்காக அன்று, தேடுவதற்காக. அளவு மிஞ்சினால் தீவனத்தின் சத்து குறைந்துபோகும் என்பதால் ஒரு பிடியே போதும். குஞ்சுகள் உமியைக் கிளறித் தேடுவதால் கூளமும் கட்டிப்போகாமல் உலர்ந்திருக்கும். ஈரக் கூளத்தில் பெருகும் இரத்தக்கழிச்சல் நோய்க்கும் இது ஒரு தடை. தானியம் தொடங்கும் நாளிலிருந்து ஒரு சிறு தட்டில் ஆற்று மணலும் வைக்க வேண்டும். பல்லில்லாத பறவைக்கு இரைப்பையிலுள்ள மணலே அரைகல்.

முருங்கை, அகத்தி, கீரைத்தண்டு இவற்றைக் கட்டாகக் கட்டி, குஞ்சு கழுத்தை நீட்டி எட்டிப் பிடிக்கும் உயரத்தில் தொங்கவிடலாம். கீழே போட்டால் மிதித்து அசுத்தமாக்கிவிடும், தொங்கினால் ஆடும், ஆடுகிற பொருளில் குஞ்சுக்கு ஆசை அதிகம். கட்டும் கயிற்றின் நுனியை ஒட்ட நறுக்கிவிடுங்கள். தொங்கும் நூலை விழுங்கித் தொண்டையில் சிக்கிச் சாகும் குஞ்சுகள் உண்டு. தெர்மாகோல் பெட்டியில் குஞ்சு வளர்க்கிறவர்களும் இதைக் கவனிக்க வேண்டும். வேலையில்லாத குஞ்சு அந்த வெள்ளைத் துணுக்குகளை நொய்யைப் போலக் கொத்தித் தின்னும்.

கறையான் விஷயம் நம் முன்னோர் அறிந்தது. பழைய பானையில் கிழிந்த சாக்கும் காய்ந்த சாணமும் ஓலைத் துண்டும் போட்டு நீர் தெளித்து, கறையான் நடமாடும் இடத்தில் மாலையில் வாயைக் கீழாகக் கவிழ்த்து வைத்தால், மறுநாள் விடியலில் பானைக்குள் கறையான் திரண்டிருக்கும். எறும்பு வருமுன் எடுத்துக் கூட்டுக்குள் உதறிவிட்டால், ஐம்பது குஞ்சுகளும் அரைமணி நேரம் ஒன்றையொன்று திரும்பியும் பாரா. புரதமும் ஆயிற்று, வேட்டையும் ஆயிற்று. தென்னைக்கோ கரும்புக்கோ கறையான் மருந்து ஊற்றிய வயலிலிருந்து மட்டும் எடுக்கலாகாது. எமக்குத் தெரிந்தவரையில் புரூடருக்கு இதனினும் சிறந்த உபகரணம் எந்தக் கடையிலும் விற்கப்படவில்லை.

சாம்பலும் மணலும் கலந்த ஓர் அகன்ற தட்டை வைத்தால் குஞ்சுகள் அதில் புரண்டு மண் குளிக்கும். இது பேனுக்கும் நல்லது, பொழுதுக்கும் நல்லது. இரண்டாம் வாரத்துக்கு மேல் தரையிலிருந்து மூன்று நாலு அங்குல உயரத்தில் மூங்கிற் கழி ஒன்றைக் குறுக்கே வைத்தால் ஏறி இறங்கப் பழகும். பிற்காலத்தில் மரத்திலேறி அடைய வேண்டிய பறவை அல்லவா? உடைந்த பானையின் பாதியைக் கவிழ்த்துவைத்தால், வலியது துரத்தும்போது எளியது ஒளிந்துகொள்ள இடமாகும்.

இருட்டைப் பற்றி நம்மவர் போதிய கவனம் செலுத்துவதில்லை. முதல் இரண்டு மூன்று நாள், தீவனமும் தண்ணீரும் இருக்குமிடம் தெரிய வெளிச்சம் வேண்டியதுதான். பின்னும் கண்கூசும் வெள்ளை விளக்கு இரவெல்லாம் எரிந்தால் குஞ்சுகளுக்கு உறக்கமின்றி எரிச்சல் மிகும். முளைக்கும் இறகின் குருத்திலுள்ள சிவப்பும் நன்றாய்த் தெரிந்து கொத்தத் தூண்டும். டென்மார்க்கில் 2006ஆம் ஆண்டு வெளியான ஆராய்ச்சியில், இருண்ட வெப்ப மறைவிடம் அமைத்து வளர்த்த முட்டைக்கோழிக் குஞ்சுகளிடையே இறகு கொத்துதலும் ஒன்றையொன்று கொத்திக் கொல்லுதலும் வெகுவாகக் குறைந்திருந்ததாகக் கண்டார்கள். தாயின் சிறகுக்குள் இருட்டு இருப்பது சும்மா அன்று போலும். நம் வசதிக்கு, அடியில் துளையுள்ள மண்தொட்டியைச் செங்கற்கள்மேல் கவிழ்த்து உள்ளே நாற்பது வாட் குண்டு பல்பை எரியவிட்டால், மண் சூடேறி ஒளி அதிகமின்றி வெப்பம் தரும். உமி பல்பையோ கம்பியையோ தொடாதிருக்க வேண்டும்.

இவ்வளவும் செய்த பின்னரும் ஒரு குஞ்சுக்குக் காயம் கண்டால், உடனே அதைப் பிரித்து வேறு கூடையில் விட்டு, காயத்தில் வேப்பெண்ணெய் தடவுங்கள். இரத்தத்தைக் கண்ட குஞ்சுகளை வேறெதுவும் திருப்பாது. பிறகு கூட்டைப் பாருங்கள். இடம் குறுகிவிட்டதா, சூடு மிஞ்சிற்றா, தட்டுகள் போதாமல் எளியவை ஒதுக்கப்படுகின்றனவா, தீவனத்தில் உப்பும் புரதமும் குறைவா என்று ஆராய்ந்தால் காரணம் அநேகமாக இவற்றில் ஒன்றாகவே இருக்கும்.

அலகு வெட்டுதலுக்குச் சாதகமாக ஒரு நியாயம் உண்டென்பதை மறுக்கவில்லை. பல்லாயிரம் முட்டைக்கோழிகளைக் கூண்டில் அடைத்து வளர்க்கும் நாமக்கல் பண்ணைகளில் ஒவ்வொரு கோழிக்கும் கீரை கட்டித் தொங்கவிட முடியாது. அவர்கள் கணக்கு வேறு. ஆனால் அவர்கள் செய்கிறார்களென்று சிறுவிடைக்கும் பெருவிடைக்கும், நந்தனம் கோழிக்கும் அதையே செய்வது எதற்கு? அலகின் நுனி வெறும் நகமன்று. நரம்பு நிறைந்த, தொட்டு அறியும் உறுப்பு. நுனி போன கோழி சிறு விதையையும் பூச்சியையும் செவ்வையாய் எடுக்க முடியாது. பேனைக் கோதி நீக்கவும் முடியாது. தோப்பில் தானே தேடித் தின்னும் என்பதற்காகத்தானே நாட்டுக்கோழியை வளர்க்கிறோம்? அதன் ஆயுதத்தைப் பறித்துவிட்டுப் பின்னர் மூட்டைத் தீவனம் வாங்குவது விவேகமாகாது.

மருந்தும் அப்படியே. இராணிக்கெட் என்னும் வெள்ளைக்கழிச்சலுக்கு முதல் வாரத்தில் கண்ணிலும் மூக்கிலும் சொட்டு மருந்தும், பின்னர் எட்டாம் வாரத்தையொட்டி ஊசியும் அவசியம். இதில் சோம்பல் கூடாது. ஆனால் குஞ்சு சோர்ந்தால் ஒரு மருந்து, கொத்தினால் ஒரு மருந்து என்று குடிநீரில் கலந்துகொண்டே போவது வேறு. கோலிஸ்டின் என்ற மருந்தை உணவுக்காக வளர்க்கும் பிராணிகளுக்கும் கோழிகளுக்கும் விற்பதை மத்திய அரசு 2019ஆம் ஆண்டு தடை செய்தது. மனிதருக்குக் கடைசி நேரத்தில் கைகொடுக்கும் மருந்து கோழித் தொட்டியில் வீணாகிப் பலனற்றுப் போகலாகாது என்பதே காரணம். கடையில் பெயர் தெரியாத பொட்டலம் கொடுத்தால் வாங்காமல் கால்நடை மருத்துவரைக் கேளுங்கள். பின்புறத்தில் எச்சம் ஒட்டி அடைத்த குஞ்சுக்கு வெதுவெதுப்பான நீரில் நனைத்த துணியே முதல் மருந்து.

கிராம அதிகாரிகளுக்கும் இதில் ஒரு பங்கு உண்டு. அரசுத் திட்டங்களில் குஞ்சுகள் வழங்கும் நாளில் பெயர்ப் பட்டியலும் கையெழுத்தும் புகைப்படமும் ஒழுங்காக நடந்தேறும். குஞ்சு போகப்போகும் வீட்டில் கூடு தயாராயிருக்கிறதா, உமி இருக்கிறதா, பெருச்சாளி நுழையாத கதவு இருக்கிறதா என்று முந்திய நாளில் பார்ப்பவர் குறைவு. இதற்கு உத்தரவு வேண்டியதில்லை. ஊரில் கோழி வளர்த்துத் தேர்ந்த கிழவி ஒருத்தியைக் கூட அனுப்பினால் போதும். அவள் பார்வைக்குத் தப்பும் குற்றம் எதுவும் இராது. வழங்கிய ஒரு மாதத்துக்குப் பின் எத்தனை குஞ்சுகள் உயிரோடிருக்கின்றன என்றும் எழுதிவைத்தால், அடுத்த முறை யாருக்கு எதைச் சொல்லித்தர வேண்டுமென்பது விளங்கும்.

கடைசியாக, வீட்டில் அடைக்கோழி இருக்குமானால் வெப்பக் கூட்டுக்கே அவசியம் இல்லாமலும் போகலாம். பொரிப்பகத்திலிருந்து வந்த ஒரு நாள் குஞ்சுகளை, பொழுது சாய்ந்து இருட்டிய பின், சில நாளாக அடையில் உட்கார்ந்திருக்கும் பெட்டையின் கீழ் ஒவ்வொன்றாக நுழைத்து, முட்டைகளை எடுத்துவிட வேண்டும். பகலில் செய்தால் கொத்தி விரட்டும். இரவில் செய்தால் விடியலில் தன் குஞ்சென்றே கொண்டுவிடும். குஞ்சுகளுக்கு வயது ஒன்றாயிருக்க வேண்டும். மூன்று நாலு நாள் கடந்தவை அவளைத் தாயென்று ஏற்பதும் கடினம். பன்னிரண்டு, பதினைந்துக்கு மேல் வைக்கலாகாது. சிறகுக்கு வெளியே நிற்பவை குளிரில் போய்விடும். முதல் இரண்டு நாள் பஞ்சாரத்தால் மூடி, உள்ளேயே நொய்யும் தண்ணீரும் வைத்து, மூன்றாம் நாள் வெயிலேறிய பின் திறந்துவிடலாம்.